வலது கையில் தூக்குப்போசி

கைலாசத்தின் கடை திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டின்மேல் இருந்தது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், எதிரே மாரியப்பனின் டீக்கடை, அதற்கு அப்பால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிற்கும் பொட்டல். பலகையில் ஆட்டோ எலெக்ட்ரிகல் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் ஆட்கள் தேடி வந்தது லைட்டுக்கும் டைனமோவுக்கும் அல்ல. டேப் செட்டை டாஷ்போர்டில் இறக்கி, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, பின்னால் ஒட்டுப்பலகைப் பெட்டியில் பன்னிரண்டு அங்குல ஊஃபரைப் பூட்டி அவன் கொடுக்கிற செட்டு, ராசிபுரம் தொடங்கி ஜேடர்பாளையம் வரைக்கும் பேர் வாங்கியிருந்தது. கைலாசம் கை வைத்த வண்டி என்றால் முதலில் பாட்டின் அடி வரும், அப்புறம்தான் வண்டி வரும் என்பார்கள். தட்டில் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுவதை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று மாரியப்பன் சொல்லிவிடுவான்.

கைலாசத்துக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவன் மனைவி கமலவேணிக்கு மட்டும் தெரியும்.

ஒரேயடியாகக் கேட்காது என்றில்லை. லாரி ஹாரன் கேட்கும். ஆண்பிள்ளைகள் எதிரில் நின்று பேசினால் கேட்கும். வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். தவில் கேட்கும், நாதசுரம் பாதி கேட்கும், ஜால்ரா கேட்கவே கேட்காது. மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் அவனை விட்டுப் போயிருந்தன. சைக்கிள் மணி, அணில், அடுப்பில் எண்ணெய் காய்வது.

குமாரபாளையத்தில் பன்னிரண்டு வயதில் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவன். பதினைந்து வருஷம். நாற்பது தறி ஓடுகிற கூடம். அங்கே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, கையைக் காட்டுவார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம், எழுபத்து நாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அத எடுக்கக் கூடாதுங்களா?" என்றாள். "எத?" என்றான். அவள் கை காட்டிய இடத்தில் அலமாரியிலிருந்து விழுந்த எவர்சில்வர் டம்ளர் சிமெண்டுத் தரையில் அரைவட்டமாக உருண்டு, திரும்பி உருண்டு, அவன் காலடியில் வந்து நின்றது. சத்தமே இல்லை. வேணி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

தறி மோட்டார்களைப் பிரித்துக் கட்டுவதில் அவனுக்குக் கை ஓட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு வந்து ஒரு ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மூன்று வருஷம் கழித்துத் தனியாகக் கடை போட்டான். பிள்ளைகள் இல்லை. கடை காலூன்றும் வரைக்கும் இருக்கட்டும் என்று வேணி ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குப் போனாள். காலையில் ஆறு மணிக்குப் போவாள். பன்னிரண்டரைக்கு வந்து, கடைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடியும் இரண்டு மணிக்குப் போவாள்.

டேப் செட்டு வேலையை அவன் விரும்பித் தேடிப் போகவில்லை. ஒரு லாரி டிரைவர் சேலத்தில் வாங்கிய செட்டைக் கொண்டுவந்து போட்டுத் தரச் சொன்னான். மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். போட்டான். ஒயர்களைச் சேர்த்துவிட்டு, பெட்டி ஆடுகிறதா என்று பார்க்கப் பலகைமேல் உள்ளங்கையை வைத்தபோது பாட்டு அவன் கைக்குள் ஏறியது. முழங்கைக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றான். "என்னுங்க, சூடாகுதுங்களா?" என்று டிரைவர் கேட்டான். "இல்லைங்க, பாக்கறேன்" என்றான்.

அப்புறம் அவன் செய்ததெல்லாம் அந்தக் கைக்காகச் செய்ததுதான். பெட்டியைப் பெரிதாக்கினான். மூலைகளில் கட்டை வைத்து இறுக்கினான். உள்ளே தறிக்கூடத்துக் கழிவுப் பஞ்சை அடைத்தால் அடி உருண்டு திரண்டு வருவதைக் கண்டுபிடித்தான். வேணி தினமும் மடியில் ஒரு பொட்டலம் பஞ்சு கட்டிக்கொண்டு வருவாள். மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார், அது கூட்டித் தள்ளுகிற பஞ்சு. ஆட்கள் கேட்டுச் சொக்கிப்போன அந்த அடி, அது ஒன்றுதான் அவனுக்குக் கேட்டது என்பதால் வந்தது.

ஆனால் வண்டியில் வைக்கிற செட்டுக்கு ஒரு நோய் உண்டு. இன்ஜின் ஓடும்போது டைனமோவிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ ஒரு சத்தம் கரண்டோடு கலந்து ஸ்பீக்கருக்குள் வந்துவிடும். விசில் மாதிரி, ஊசி மாதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும், விட்டால் இறங்கும். பேட்டரி ஒயரும் பாட்டு ஒயரும் ஒட்டிக்கொண்டு போனால் வரும். எர்த் ஒயர் வண்டித் தகரத்தைச் சரியாகப் பிடிக்காவிட்டால் கட்டாயம் வரும். அதனால் அவன் பேட்டரி ஒயரை வண்டியின் இடது ஓரமாகவும் பாட்டு ஒயரை வலது ஓரமாகவும் இழுப்பான். எர்த் போல்ட்டுக்கு அடியில் உப்புத்தாளால் தேய்த்து, தகரம் வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் முடுக்குவான். அப்படியும் பத்து வண்டியில் ஒன்றுக்கு விசில் வந்துவிடும். வந்திருக்கிறதா என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

அதற்குத்தான் வேணி.

செட்டை ஓட்டிப் பார்ப்பதை அவன் மதியம் ஒரு மணிக்கு வைத்துக்கொண்டான். காலையில் வேலை முடிந்துபோனாலும் ஒயரைச் சுற்றுவது, டேப் ஒட்டுவது என்று நேரத்தைக் கடத்துவான். வேணி தூக்குப்போசியோடு வருவாள். "வாங்க, சாப்பிடுங்க" என்று வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்வாள். அவன் "இரு, இத ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேன்" என்று இன்ஜினைக் கிளப்பி, செட்டைப் போட்டு, மிதித்து விடுவான். விசில் இருந்தால் அவள் தூக்குப்போசியை இடது கைக்கு மாற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் வலது கை. அவ்வளவுதான். வருகிறவர்களுக்கு அவள் சாப்பாடு கொண்டுவந்த பொம்பளை. சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைப்பார்கள்.

"ஊட்டுக்காரி வந்தாத்தான் கைலாசத்துக்குச் செட்டுப் பாடும்" என்று மாரியப்பன் கிண்டல் செய்வான். இரண்டு பேரும் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. எண்பத்து நாலின் கடைசியில் ஒரு மெட்டடார் வேன் விசில் என்று திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தை வடிகட்டுகிற கண்டன்சர் போயிருக்கும் என்று மாற்றிக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு லாரி. அதற்கும் கண்டன்சர்தான் என்று சொன்னான். மட்டமான சரக்கு அனுப்புகிறான் என்று சேலத்துக் கடைக்காரனுக்குக் கார்டு எழுதினான். வேணி முன்னைக்கு இப்போது வீட்டில் சத்தமாகப் பேசினாள். தனக்காகப் பேசுகிறாள் என்று அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

மாசி மாதத்தில் சின்னண்ணன் வந்தார். ஜேடர்பாளையத்துப் பக்கம் கரும்பும் வெற்றிலையும் போட்டவர். அணையிலிருந்து வருகிற வாய்க்கால் பாய்ச்சல் காடு. தம்பிகளோடு பாகம் பிரித்துக்கொண்டு, வந்ததில் ஒரு சுற்றுலா வேன் எடுத்திருந்தார். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி முடித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் டிரைவர் பெரியசாமியோடு வண்டியை நேராகக் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வெண்ணெய் நிறம். பக்கவாட்டில் செங்கோடு. பெயிண்ட் வாசம் போகவில்லை. சீட்டுகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

"நாளைக்கு விடியால பூசைங்க. பூசை முடிஞ்ச கையோட பழனிக்கு மொத வாடகை. சாயந்தரத்துக்குள்ள செட்டு பாடோணும்" என்றார் சின்னண்ணன்.

"பாடிருமுங்க."

"ஒண்ணே ஒண்ணு. பூசை போடற வரைக்கும் வண்டி மேல ஒரு கீறல் உழுகக் கூடாது. துளை போடப்படாது. சொரண்டப்படாது. எங்கூட்டுல சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

கைலாசத்துக்கு இது புதிதில்லை. வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்வரை அதன்மேல் இரும்பு படக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் லாரிக்காரன், ரிக்காரன் எல்லாரும் பார்க்கிற விஷயம். பட்டறைக்காரன் போட்ட துளை வண்டியோடு பிறந்தது. அதற்கப்புறம் போடுவது காயம்.

பட்டறைக்காரனே செட்டுக்கும் பெட்டிக்கும் துளை விட்டிருந்தான். ஒயரை இழுக்கப் பள்ளமும் விட்டிருந்தான். பின் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது, எர்த்துக்கு என்று விட்டது. அதன்மேலும் சுற்றிலும் தடிமனாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கைலாசம் உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டுச் சின்னண்ணனைப் பார்த்தான். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தாளைப் பையில் போட்டுக்கொண்டான்.

எர்த்துக்கும் தனியாக ஒரு ஒயரைப் பேட்டரி வரைக்கும் கொண்டுபோயிருக்கலாம். அவனுக்கு அது தெரியும். அதற்கு ஒட்டி முடித்த ரெக்சின் தரையை மறுபடியும் கிளப்ப வேண்டும், கிளப்பினால் தடம் தெரியும். பெயிண்டுக்கு மேலேயே வாஷரைப் போட்டு எவ்வளவு முடுக்க முடியுமோ அவ்வளவு முடுக்கினான். விசில் வந்தால் வேணி சொல்வாள், சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் சின்னண்ணனும் பெரியசாமியும் மாலையும் பழமும் வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். ஒரு மணிக்கு வேணி வந்தாள். புழுதி ஏறக் கூடாது என்று கதவுகளை மூடி, அவளை உள்ளே உட்காரச் சொன்னான். பிளாஸ்டிக் உறைமேல் நுனியில் உட்கார்ந்து தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஜினைக் கிளப்பினான். செட்டைப் போட்டான். மிதித்தான், விட்டான், மிதித்தான். அடி அவன் முதுகுத்தண்டில் நின்றது. நல்ல அடி. திரும்பிப் பார்த்தான். வேணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. பிறகு அவனைப் பார்த்தாள். தூக்குப்போசியை வலது கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, ஆறிப்போகுது" என்றாள்.

சின்னண்ணன் திரும்பி வந்து, இன்ஜின் போடாமல் இரண்டு பாட்டுக் கேட்டார். பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் மேளத்தோடு பூசை நடந்தது. கைலாசத்துக்கும் ஒரு தேங்காய்மூடியும் வேட்டியும் வந்தன.

திங்கட்கிழமை மதியம் வேன் கடைமுன்னால் வந்து நின்றது. பெரியசாமி இறங்கவில்லை. சின்னண்ணன் இறங்கி வந்தார். பின்னாலேயே தூக்குப்போசியோடு வேணி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க கைலாசம், பழனி போயி வார வரைக்கும் உள்ள ஒருத்தனும் நிம்மதியா உக்காரல. பாட்டு நின்னு அடுத்த பாட்டு வாரதுக்குள்ள கொண்ணு போடுது. பொம்பளைங்க முந்தானையக் காதுல சொருகிட்டாங்க. டேப்ப நிறுத்திப்போட்டுத்தான் வந்தோம். மொத வாடகைங்க."

"விசிலுங்களா?"

"விசிலேதான். நீங்க கேட்டுப் பாக்கலீங்களா?"

"பாத்தேனுங்க. அன்னிக்கு இல்ல. கண்டன்சரா இருக்கும். இருங்க, மாத்தித் தாரேன்."

சின்னண்ணன் அவனையே பார்த்தார். மெட்டடார் திரும்பி வந்ததும் லாரி திரும்பி வந்ததும் வண்டிக்காரர்கள் வாயில் புரண்டுகொண்டிருந்தன. அவை அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

கைலாசம் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டுக்கடியில் குனிந்து புதுக் கண்டன்சரைப் பற்றவைத்தான். எர்த் போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கினான். "கிளப்புங்க" என்றான். பெரியசாமி கிளப்பினான். சின்னண்ணன் கைலாசத்துக்குப் பக்கத்தில் நின்றார். வேணி முன் கதவோரம் அவர்களைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் ரோடு, அதற்கு அந்தப் பக்கம் மாரியப்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

செட்டு பாடியது. சின்னண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது. நல்ல அகலமான சிரிப்பு. கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே நின்றார். வேணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தூக்குப்போசியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கைலாசம் நிமிர்ந்தான். "நின்னு போச்சுங்க" என்றான்.

"நின்னு போச்சா?"

"ஆமாங்க. சுத்தமா இல்ல."

சொல்லிக்கொண்டே யதேச்சையாக வேணியின் தோளுக்கு மேலே பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாரியப்பன் ஒரு கையில் டீ டம்ளரோடு, இன்னொரு கை விரலால் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"பெரியசாமி, நல்லா மிதி" என்றார் சின்னண்ணன். சிரிப்பு அப்படியே இருந்தது. "இப்பங்க?"

மாரியப்பன் டம்ளரை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கைலாசத்துக்கு ஒரு நொடி இருந்தது. மாரியப்பனைப் பார்த்துக்கொண்டே, இப்போது கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் வருகிறது, ஆல்டர்னேட்டர் கோளாறு என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் வேணியைப் பார்த்தான். தூக்குப்போசி வலது கையில்தான் இருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டை, கண்ணை, நெற்றியை. தறிக்கூடத்தில் பார்ப்பது போல. பதினைந்து வருஷம் அவன் மற்றவர்களை அப்படித்தான் பார்த்திருந்தான்.

"எனக்குக் கேக்கலீங்க" என்றான்.

"என்னது?"

"எனக்குக் காது கேக்காதுங்க. இந்த மாதிரி சத்தமெல்லாம் கேக்காது. ரொம்ப வருசமாச்சுங்க."

பெரியசாமி இன்ஜினை நிறுத்தினான். சின்னண்ணனின் சிரிப்பு போய்விட்டது. சிக்கினால் திட்டலாம் என்று வந்தவர், சிக்கியது இது என்று தெரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அட என்ன சாமி" என்றார். "அப்புறம் இத்தன வண்டிக்கு எப்புடிங்க?"

"கைய வெச்சுப் பாப்பேனுங்க. பலகை மேல."

வேணியைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவன் என்ன சொல்லிவிட்டான் என்று அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

ரோட்டைத் தாண்டி வந்திருந்த மாரியப்பன், "அதுனாலதானா நம்மூரு வண்டியெல்லாம் இந்த இடி இடிக்குது!" என்றான். பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். மாரியப்பனும் சிரித்தான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வாயில் வந்ததைச் சொன்னான். இரண்டு நாளில் அது மல்லசமுத்திரம் வரைக்கும் போய்விட்டது.

பூசைதான் முடிந்துவிட்டதே. கைலாசம் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளை மடித்து, பெயிண்டைத் தேய்த்தான். வெண்ணெய்நிறத் தூள் ரெக்சின்மேல் உதிர்ந்தது. தகரம் தெரிந்ததும் முடுக்கினான். பெரியசாமி கிளப்பிவிட்டுத் தலையை ஆட்டினான். விசில் நின்றிருந்தது. ஐந்து நிமிஷ வேலை.

வேணி மரத்தடியில் தூக்குப்போசியை வைத்துவிட்டு, அவன் சாப்பிடுவதற்கு முன்பே தறிக்குப் போய்விட்டாள்.

சாயந்தரம் வீட்டில் அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரில் போய், முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

"எத்தன நாளா?"

"என்னது?"

"எத்தன நாளாக் கேக்கல?" கத்தினான்.

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "போன வருசம் ஆடில இருந்து. அதுக்கு முந்தியே கொஞ்சம்."

"ஏஞ் சொல்லல?"

"சொன்னா அப்புறம் உங்களுக்கு ஆரு இருக்கறாங்க?"

"அப்ப இத்தன வண்டிக்கு எப்புடிச் சொன்ன?"

"மொகத்தப் பாத்துத்தான். வண்டிக்காரன் மொகம் சுளிச்சா இடது கை. சும்மா இருந்தா வலது கை." அவளும் கத்தித்தான் சொன்னாள். "அன்னிக்கு வேனுக்குள்ள உக்காந்தேன். பாக்கறதுக்கு ஒரு மொகமும் இல்ல. உங்க மொகந்தான் இருந்துச்சு. அது நல்லாருந்துச்சு."

அடுப்புக்குப் பக்கத்தில், மூலையில், அன்றைக்குக் கொண்டுவந்த கழிவுப் பஞ்சுப் பொட்டலம் அவிழ்க்காமல் கிடந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு நாளும் வந்த பொட்டலம். அத்தனையும் பெட்டிகளுக்குள் போயிருந்தது. தறிக்கூடத்தில் பதினைந்து வருஷம் நின்றவன் அவன். அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, இதைக் காதில் வைத்துக்கொண்டு போ என்று சொல்ல ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. அவளுக்குக் காது இருக்கிறது என்பதே ஒரு மணிக்குத்தான் அவன் நினைவுக்கு வரும்.

"தறிக்கு இனிமேல் போகாத" என்றான்.

"போகாட்டி?"

சாப்பிட்டார்கள்.

ரகசியம் பேசுவதாகத்தான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் கைலாசத்தைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "தண்-ணி-புடி-ச்-சுக்-கோங்-க" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். வேணிக்கும் காது போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர், இரண்டு பேரும் கத்தியது அந்தப் பக்கம் கேட்டிருந்தது.

செட்டு வேலை உடனே நின்றுவிடவில்லை. அடி வேண்டும் என்று வருகிறவர்கள் வந்தார்கள். "நீங்க பூட்டுங்க, நாங்க கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். அதுவும் சரியென்றுதான் இருந்தான். வைகாசியில் ஒரு ரிக் டிரைவர், செல்லமுத்து என்று பெயர், இன்னும் விசில் வருகிறது என்றான். கைலாசம் எர்த்தைப் பிரித்துப் பூட்டினான். இன்னும் இருக்கிறது என்றான் செல்லமுத்து. கைலாசம் ஒயரை மாற்றி இழுத்தான். கொஞ்சம் இருக்கிறது என்றான். மூன்றாவது தடவை சீட்டுக்கடியிலிருந்து வியர்வையோடு தலையைத் தூக்கியபோது செல்லமுத்துவும் கூட வந்தவனும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். விசிலே இல்லை. பாட்டின் அடி அதிர்ந்துகொண்டிருந்ததில், இன்ஜினே ஓடவில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"வெளையாட்டுக்குங்க அண்ணா" என்றான் செல்லமுத்து. ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். கைலாசம் குடித்தான்.

அதற்குப் பிறகு செட்டு என்று வந்தவர்களை நாமக்கல்லில் அப்புசாமி என்பவன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான், நன்றாகச் செய்கிறான் என்று அனுப்பிவிட்டான். செய்து வைத்திருந்த இரண்டு ஒட்டுப்பலகைப் பெட்டிகளையும் அவனுக்கே கொடுத்தனுப்பினான். உள்ளே பஞ்சு அடைக்கவில்லை. லைட்டு, ஹாரன், செல்ஃப் மோட்டார், டைனமோ. லைட்டுக்குக் கண் போதும், ஹாரன் அவனுக்குக் கேட்கும்.

காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒருநாள் காலையில் இரண்டு சிறிய பஞ்சு உருண்டைகளை வேணியிடம் நீட்டினான். அவள் அவற்றைக் கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இனி எதுக்குங்க?" என்றாள். இருந்தாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வைத்துக்கொண்டாளா என்று அவன் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் வருவது மட்டும் மாறவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் நின்று, லாரிகளுக்கு வழிவிட்டு, இரண்டு பக்கமும் முன்னைவிட அதிக நேரம் பார்த்துவிட்டுத் தாண்டுவாள். வேப்பமரத்தடியில் எந்த வண்டி நின்றாலும் பழக்கத்தில் அதன் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நிற்பாள். கைலாசம் டைனமோவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருப்பான். தூக்குப்போசியை எந்தக் கையில் பிடித்திருக்கிறாள் என்று அவன் பார்ப்பதில்லை.